ரோபோ கை ஸ்கேன் எடுக்குமாம். நம்ம டெல்டாவுக்கு வருமா?

குடவாசல் குமாரன் எழுதியது:

போன வாரம் அம்மாவை வயிற்று ஸ்கேனுக்காகக் கும்பகோணம் அழைத்துப் போனேன். வலது விலாவுக்குக் கீழே வலி, சாப்பிட்டால் கூடுகிறது. வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். காலை 6 மணி பஸ்ஸைப் பிடித்து 7 மணிக்கே டோக்கன் வாங்கிவிட்டோம். டாக்டர் இன்னோர் ஊரில் முடித்துக்கொண்டு வரவேண்டுமாம். வந்து சேரும்போது மணி 2. அம்மாவுக்குச் சர்க்கரை வேறு உண்டு. 11 மணிக்கே கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. மிட்டாய் வாயில் போட்டால் ஸ்கேன் கெட்டுப்போகும், இன்னொரு நாள் வரச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து வேண்டாம் என்றார். நான் சத்தம் போட்டுத்தான் ஒன்றைக் கொடுக்க முடிந்தது.

உள்ளே இருந்தது 7 நிமிடம். பித்தப்பையில் கல்.

எனக்கு எரிச்சல் என்னவென்றால், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மெஷின் சும்மாதான் இருந்தது. ஏசி ஓடுகிறது, படுக்கையில் புது விரிப்பு, எல்லாம் தயார். ஆள்தான் இல்லை. அன்று ராத்திரி தூக்கம் வராமல் போனை நோண்டும்போதுதான் ரோபோ கை வயிற்றில் ஜெல் தடவி ஸ்கேன் எடுக்கும் வீடியோ கண்ணில் பட்டது. வெளிநாட்டில் வந்தே விட்டதாம். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இது நிஜமா, வித்தையா?

ப்ரோப் மெக்கானிக் எழுதியது:

தம்பி, நான் டெல்டா முழுக்க ஸ்கேன் மெஷின் சர்வீஸ் பார்க்கிறவன். பட்டுக்கோட்டை முதல் மயிலாடுதுறை வரை என் பைக் போகாத ஸ்கேன் சென்டர் கிடையாது.

மெஷினைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டாக்டர் கையில் பிடித்து உடம்பில் வைத்துத் தேய்க்கிறாரே, அதுதான் ப்ரோப். அதன் முனையில் வரிசையாகச் சின்னச் சின்னப் படிகத் துண்டுகள், பெரும்பாலும் 128. மின்சாரம் கொடுத்தால் அதிரும், எதிரொலி வந்து மோதினால் மின்சாரம் தரும். வயிற்றுக்கு அந்த அதிர்வு 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20 முதல் 50 லட்சம் தடவை. தைராய்டு மாதிரி மேலாக இருப்பதற்கு அதைவிட அதிகம், ஆனால் ஆழம் போகாது. உடம்புக்குள் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் ஓடுகிறது என்று மெஷின் வைத்துக்கொண்டு, எதிரொலி வர எடுத்த நேரத்தை ஆழமாக்கிப் படம் போடுகிறது. நடுவில் துளிக் காற்று இருந்தாலும் ஒலி அங்கேயே திரும்பிவிடும். ஜெல் அதற்குத்தான். குடலில் காற்று நிறைந்திருந்தால் டாக்டர் திணறுவதும் அதனால்தான். வெறும் வயிற்றோடு வரச் சொல்வதில் அதுவும் ஒரு காரணம். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிக்கொள்ளும் என்பது இன்னொன்று. ஒரு மிட்டாய்க்கு ஒன்றும் ஆகாது. அம்மாவிடம் சொல்லுங்கள்.

ரோபோ பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ப்ரோப் கை தவறிக் கீழே விழுந்தால் லட்சக்கணக்கில் செலவு. ரோபோவாவது கெட்டியாகப் பிடிக்கட்டும்.

மூன்றாம் மூட்டு எழுதியது:

அண்ணே, நிஜம்தான், புதுசும் இல்லை. 1990-களின் கடைசியிலேயே கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கழுத்து ரத்தக் குழாயைப் பார்க்க ரோபோ கை செய்தார்கள். அதே சமயத்தில் பிரான்சிலும் ஒன்று நடந்தது.

இதில் இரண்டு சாதி உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, தூரத்து டாக்டர் ஓட்டும் கை. பிரான்சின் மெலடி என்ற கருவி அந்த வகை. நோயாளி பக்கத்தில் ஓர் உதவியாளர் சட்டத்தை வயிற்றின் மேல் பிடித்துக்கொள்வார். டாக்டர் தன் ஊரில் ஒரு பொய் ப்ரோபைத் திருப்பினால், இங்கே நிஜ ப்ரோப் அதே கோணத்தில் திரும்பும். கனடாவில் சாஸ்கடூனிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் வடக்கே லா லோஷ் என்று ஓர் ஊர். 2020-இல் கொரோனாவால் அந்த ஊர் அடைபட்டபோது அங்கிருந்த கர்ப்பிணிகளுக்கு இப்படித்தான் ஸ்கேன் எடுத்தார்கள். அதே வருஷம் சீனாவில் ஹாங்சோவில் உட்கார்ந்த டாக்டர், 700 கிலோமீட்டர் தள்ளி வூஹானில் இருந்த நோயாளியை 5ஜி வழியாகப் பார்த்தார்.

இரண்டாவது, தானே எடுக்கும் கை. டென்மார்க்கில் ஆர்தர் என்று ஒன்று, முடக்குவாத நோயாளியின் விரல், மணிக்கட்டு மூட்டுகளை ஸ்கேன் செய்யும். கையை நீட்டினால் போதும். விரல் மூட்டு பாவம், நகராது, மூச்சு விடாது. அதனால் அங்கே சுலபம். வயிறு வேறு கதை.

நான் ரோபாட்டிக்ஸ் கடைசி வருஷம். எங்கள் புராஜெக்டே இதுதான். செலவு பார்த்துப் பழைய கை ஒன்றை வாங்கி, அதன் மணிக்கட்டில் எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும் விசை உணரி வைத்திருக்கிறோம். மேலே ஆழம் பார்க்கும் கேமரா. அது வயிற்றின் மேடு பள்ளத்தைப் புள்ளிகளாக அளக்கும். ப்ரோப் அந்தப் பரப்புக்கு நேர் குத்தாக நிற்க வேண்டும், சுமார் 5 நியூட்டன் விசையில் அழுத்த வேண்டும், ஏறக்குறைய அரைக் கிலோ படிக்கல்லை மேலே வைத்த மாதிரி. மூச்சில் வயிறு ஏறினால் கை பின்வாங்கும், இறங்கினால் கூடவே போகும். காகிதத்தில் சுலபம். முதல் நாள் கடல்பாசி காய்ச்சி ஊற்றி ஒரு பொய் வயிறு செய்து வைத்தோம். ஒரு எண்ணில் தசமப் புள்ளி தவறிவிட்டது, கை அதை இரண்டாகப் பிளந்துவிட்டது. அடுத்த நாள் ரூம்மேட்டைப் படுக்க வைத்தோம். பிளந்த கடல்பாசியை நேரில் பார்த்தவன் அவன். ப்ரோப் கிட்டே வந்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டான், வயிறு குலுங்கியதில் விசை எகிறி எமர்ஜென்சி ஸ்டாப்.

கடைமடை எழுதியது:

படிக்க நன்றாக இருக்கிறது. நான் வேதாரண்யம் பக்கத்து ஆள், பெயரைப் பார்த்தாலே தெரியும். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி திறந்தாலும் எங்கள் வாய்க்காலில் தண்ணீரைப் பார்க்கும்போது நாற்று முற்றிப்போயிருக்கும். எது வந்தாலும் எங்களுக்குக் கடைசிதான்.

அறுப்பு மெஷின் வந்த கதை ஞாபகம் வருகிறது. ஆள் கிடைக்கவில்லை, மெஷின் வந்தால் தீர்ந்தது என்றார்கள். வந்தது. ஆனால் மெஷினும் டிரைவரும் சேலம், ஆத்தூர் பக்கத்திலிருந்து வரவேண்டும். எல்லா வயலும் ஒரே வாரத்தில் பழுக்கும், மணிக்கு இவ்வளவு என்று அவர்கள் வைத்ததுதான் விலை. முன்பு ஆளுக்குக் காத்திருந்தோம், இப்போது மெஷினுக்குக் காத்திருக்கிறோம். ரோபோ வந்தாலும் முதலில் தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வரவேற்பறைக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு வைப்பார்கள்.

இன்னொன்று. 2018 நவம்பர் 16, கஜா. எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. 700 கிலோமீட்டர் தூரத்து டாக்டர் அன்றைக்கு எந்தக் கம்பி வழியாக வருவார்?

ப்ரோப் மெக்கானிக் எழுதியது:

கடைமடை ஐயா, கஜா சமயத்தில் நான் அந்தப் பக்கம் வந்தேன். ஜெனரேட்டரில் வோல்டேஜ் ஆடி ஒரு மெஷினின் பவர் சப்ளை போய், டார்ச் வெளிச்சத்தில் மாற்றினேன். மெஷின் ஓடியது. டாக்டர் நேரில் இருந்தார், அதனால் ஓடியது.

கறுப்பு வெள்ளை எழுதியது:

நான் ரேடியாலஜிஸ்ட். மன்னார்குடியிலும் திருத்துறைப்பூண்டியிலும் மாறி மாறி உட்காருகிறவள். குமாரன், உங்கள் அம்மாவைக் காக்க வைத்தது நான் இல்லை, ஆனால் என் மாதிரி ஒருவர்தான். அவரும் அன்று சாப்பிட்டிருக்க மாட்டார், அதையும் சொல்லி வைக்கிறேன்.

ரோபோவுக்கு நான் எதிரி இல்லை. என் வலது தோள் போய்விட்டது. பருமனான உடம்பில் ஈரலைப் பார்க்கக் கையை நீட்டி, அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு மறு கையால் அளவெடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது பேர். இந்தத் தொழிலில் பெரும்பாலோர் வலியோடுதான் வேலை பார்க்கிறோம். எனக்குத் தலை பின்னக் கையைத் தூக்க முடியாது, மகள்தான் பின்னிவிடுகிறாள். அழுத்துகிற வேலையை ஓர் இரும்புக் கை எடுத்துக்கொண்டால் கும்பிட்டு வரவேற்பேன்.

ஆனால் அழுத்துவது மட்டும்தான் வேலை என்று நினைத்தால், உங்கள் அம்மாவின் அந்த 7 நிமிடத்தைச் சொல்கிறேன். முதலில் பித்தப்பை தெரிய வேண்டும். விலா எலும்பு ஒலியை விடாது, அதனால் இரண்டு எலும்புக்கு நடுவில் ஒரு விரல்கடை இடைவெளியில் நுழைய வேண்டும், இல்லாவிட்டால் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லி ஈரலையும் பையையும் கீழே இறக்க வேண்டும். கல் வெள்ளையாகத் தெரியும், அதன் பின்னால் கறுப்பாக நிழல் விழும். பிறகு "இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கம்மா" என்பேன். கல் உருண்டால் கல். உருளாமல் சுவரில் ஒட்டியிருந்தால் அது வேறு ஏதோ சதை வளர்ச்சியாக இருக்கலாம். பித்தப்பையின் கழுத்துப் பகுதியில் சிக்கிய கல்லும் உருளாது, அது இன்னும் மோசம். கடைசியாகப் பைக்கு நேர் மேலே ப்ரோபை வைத்து அழுத்தி மூச்சு இழுக்கச் சொல்வேன். வலியில் மூச்சு பாதியில் நின்றால் பை வீங்கிப் புண்ணாகியிருக்கலாம் என்று பொருள். அப்போது என் கண் திரையில் இல்லை, அவர் முகத்தில் இருக்கும்.

இதில் ஒவ்வொரு அடியும் அதற்கு முந்திய படத்தைப் பார்த்து எடுத்த முடிவு. எடுத்து முடித்துப் பிறகு பார்க்கலாம் என்றால் அது எக்ஸ்ரே. ஸ்கேன் அப்படி இல்லை.

மூன்றாம் மூட்டு எழுதியது:

டாக்டர், அந்த முந்திய படத்தைப் பார்த்து முடிவெடுப்பதைத்தான் இப்போது கைக்குச் சொல்லித் தருகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2012-இலேயே ஒரு வழி சொன்னார்கள்: படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் இது எவ்வளவு நம்பத்தக்கது என்று ஒரு மதிப்பு. எலும்பு நிழல் விழுந்த பக்கம் மதிப்பு குறையும், கை அதைப் பார்த்துக் கோணத்தைச் சரிசெய்யும். விலா இடைவெளியைத் தேடுவதும் அந்த மாதிரி வரும். ஒருக்களித்துப் படுக்கச் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்லலாம். படுத்த பிறகு வயிற்றின் வரைபடமே மாறிவிடும், மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும் என்பது உண்மை.

முகம் பார்ப்பது பற்றி என்னிடம் பதில் இல்லை.

சைக்கிள் நர்ஸ் எழுதியது:

நான் கிராம சுகாதார செவிலியர். சைக்கிள் போய் ஸ்கூட்டி வந்தாச்சு, பெயரை மாற்றவில்லை. எல்லாரும் பித்தப்பையைப் பற்றியே பேசுகிறீர்கள். என் கவலை அஞ்சாம் மாச ஸ்கேன். 18 முதல் 20 வாரத்துக்குள் குழந்தையின் இதயம், முதுகுத்தண்டு, மூளை எல்லாம் பார்க்க வேண்டும். நடவு நேரம், அறுப்பு நேரம் என்று தள்ளிப்போட்டு 24-ஆம் வாரம் போய் நிற்கிற பெண்கள் உண்டு. அப்போது குறை தெரிந்தால் அந்தக் குடும்பத்துக்கு முன்னால் வழி குறைந்துபோகிறது.

போன மாதம் ஒரு பெண், முதல் பிரசவம், முதல் ஸ்கேன். தண்ணீர் குடித்து மூத்திரம் அடக்கி வரச் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் முக்கால் மணி நேரம், பிறகு வரிசை. கூப்பிடும்போது அடக்க முடியாமல் போய்விட்டு வந்துவிட்டாள். மறுபடி குடி, மறுபடி வரிசை. சென்டருக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கிற 20 கிலோமீட்டர்தான் இங்கே வியாதி. என் பகுதியில் இரண்டு பெண்களிடம் ரோபோ எடுத்தால் சம்மதமா என்று கேட்டேன். ஒருத்தி ஆம்பிளை டாக்டருக்கு அது தேவலாம் என்றாள். இன்னொருத்தி, "குழந்தை நல்லா இருக்குன்னு அது சொல்லுமாக்கா?" என்றாள்.

ஒரு கேள்வி. ரோபோ எதற்கு? கை எங்களிடம் இருக்கிறதே. ஆப்பிரிக்காவில் ஜாம்பியாவில் செய்தார்களாம், அமெரிக்காவின் வட கரோலினாவிலும். 2024-இல் அந்த ஆய்வு வெளியானது. ஸ்கேன் படிக்காதவர்கள் போனில் மாட்டுகிற சின்ன ப்ரோபை வயிற்றில் மேலும் கீழும், குறுக்கும் இழுத்தால் போதும். படத்தை அவர்கள் பார்க்கக்கூட வேண்டாம். கணினி எத்தனை வாரம் என்று சொல்லிவிடுகிறது, பயிற்சி பெற்றவர் அளந்ததற்கு இணையாக. அந்த இழுப்பை நான் இழுக்க மாட்டேனா? இருபது வருஷமாகக் கையால் வயிற்றைத் தடவி, தலை எங்கே, முதுகு எங்கே என்று சொல்கிறவள் நான்.

கறுப்பு வெள்ளை எழுதியது:

அக்கா, நீங்கள் இழுப்பீர்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எத்தனை வாரம் என்று சொல்வது வேறு, இதயத்தில் நாலு அறையும் சரியாக இருக்கிறதா என்று சொல்வது வேறு. முதலாவதற்கு உங்கள் இழுப்பு போதும். இரண்டாவதில் குழந்தை குப்புறப் படுத்திருந்தால் நானே தாயை வெளியே நடந்துவிட்டு வரச் சொல்கிறேன்.

அப்புறம் சட்டம். யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. 1994 சட்டம், கருவில் பெண் குழந்தையைக் கண்டுபிடித்து அழிப்பதைத் தடுக்க வந்தது. அதன்படி மெஷின் பதிவு, மையம் பதிவு, எடுக்கும் டாக்டர் பெயர் பதிவு. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எஃப் படிவம், இரண்டு வருஷம் பாதுகாக்க வேண்டும். 2012-இல் விதியைத் திருத்தி, ஒரு டாக்டர் ஒரு மாவட்டத்தில் இரண்டு மையத்துக்கு மேல் கூடாது என்றார்கள். எனக்கு மன்னார்குடியும் திருத்துறைப்பூண்டியும், கணக்கு முடிந்தது. கையடக்க மெஷினைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகவும் கட்டுப்பாடு. செவிலியர் கையில் ப்ரோப் கொடுக்கும் வழியை இந்தச் சட்டம் நினைத்துப் பார்க்கவே இல்லை. ஹாங்சோவில் உட்கார்ந்த டாக்டர் எந்த மையத்தில் இருக்கிறார் என்று கேட்டால், அதற்கும் இதில் பதில் இல்லை.

சட்டத்தைத் திட்டவில்லை. அது ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். "சும்மா சொல்லுங்க டாக்டர்" என்று கதவைச் சாத்திவிட்டுக் கேட்கிற மாமியார்கள் இன்னும் வருகிறார்கள்.

மூன்றாம் மூட்டு எழுதியது:

எங்களுக்கும் அதே கதைதான். ஆராய்ச்சிக்கு என்றாலும் பதிவு இல்லாமல் கல்லூரியில் ஸ்கேன் மெஷின் வைக்க முடியாது. அதனால் எங்கள் ரோபோ பிடித்திருப்பது பிளாஸ்டிக்கில் அச்சடித்த பொய் ப்ரோப். குருட்டுக் கை. அழுத்த மட்டும் தெரியும்.

கடைமடை எழுதியது:

அப்படியானால் குருட்டுக் கை கல்லூரியில், கண் மன்னார்குடியில், வயிறு எங்கள் ஊரில். நல்ல ஏற்பாடு.

நர்ஸம்மா சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. இருக்கிற மனுஷக் கைக்கு அனுமதி கொடுக்க யோசிக்கிற ஊரில் இரும்புக் கைக்கு யார் கொடுப்பார்கள்?

கறுப்பு வெள்ளை எழுதியது:

மூன்றாம் மூட்டு தம்பி, உங்கள் விசை உணரி எவ்வளவு பெரிசு? என் ப்ரோபுக்கும் கைக்கும் நடுவில் ஓர் உறை மாதிரி மாட்ட முடியுமா? என் கை எவ்வளவு அழுத்துகிறது என்று எனக்கே தெரியாது. சம்மதிக்கிற நோயாளி இருந்தால் அளந்து பார்க்கலாம். மெஷின் என் மையத்தை விட்டு நகராது, படமும் வெளியே போகாது, எண் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் வேண்டாம்.

குடவாசல் குமாரன் எழுதியது:

அம்மாவுக்கு ஆபரேஷனுக்கு முன்னால் இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மன்னார்குடி எங்களுக்கு ஒன்றும் தூரமில்லை. கேட்டேன். "படிக்கிற பிள்ளைக்கு உபயோகமானா சரி, ஆனா காலைல முதல் ஆளா எடுக்கணும்" என்கிறார்.

மூன்றாம் மூட்டு எழுதியது:

நேற்று போய்விட்டு வந்தேன். டாக்டர் ஏழரைக்கே ஆரம்பித்துவிட்டார். உறையை டேப் சுற்றி ஒட்டினோம், எண் லேப்டாப்பில் ஓடியது. எழுதி வைத்துக்கொண்டதை அப்படியே போடுகிறேன்.

பெரும்பாலான நேரம் 4 முதல் 6 நியூட்டன். எங்கள் ரோபோவும் அங்கேதான் இருக்கிறது, சந்தோஷம். விலாவுக்குக் கீழே சாய்க்கும்போது 17 வரை போனது. கல் உருண்டது, நானே பார்த்தேன், கூழாங்கல் மாதிரி மெதுவாக. கடைசியில் அந்த வலி பார்க்கும் இடம். விசை 9, 11, 12 என்று ஏறியது. அப்புறம் சட்டென்று 3-க்கு இறங்கியது. அதற்குப் பிறகுதான் அம்மா "ஸ்ஸ்" என்றார். ஆடியோவோடு வைத்துப் பார்த்தேன், கை தளர்ந்தது முதலில், சத்தம் பிறகு. கிட்டத்தட்ட அரை நொடி.

எப்படித் தெரிந்தது என்று டாக்டரைக் கேட்டேன். தளர்த்தியதே தனக்குத் தெரியாது என்றார். வயிற்றுச் சதை இறுகியதை விரல் உணர்ந்திருக்கும் என்று பிறகு யோசித்துச் சொன்னார். இறுக்கம் என்றால் எங்கள் கணக்கில் விசை கூடுவது. விசை கூடினால் எங்கள் ரோபோவும் பின்வாங்கும்தான், ஆனால் மூச்சுக்கும் அதே மாதிரி பின்வாங்கும். இரண்டையும் பிரிக்க அதற்குத் தெரியாது. அதைத்தான் இனி பார்க்கப் போகிறேன்.

குடவாசல் குமாரன் எழுதியது:

8 மணிக்கு வெளியே வந்துவிட்டோம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டார், எண்ணெய் இல்லாமல்.

சைக்கிள் நர்ஸ் எழுதியது:

அரை நொடி என்கிறீர்களா. எங்களில் பாதிப் பேர் அதை நம்பித்தான் பிரசவமே பார்த்தோம்.

ப்ரோப் மெக்கானிக் எழுதியது:

எல்லாம் சரி. தம்பி, ப்ரோபில் டேப் ஒட்டினேன் என்கிறீர்களே, பசையை எதைப் போட்டு எடுத்தீர்கள்? ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருந்தால் முன்னால் இருக்கிற ரப்பர் கெட்டுப்போகும். டாக்டரம்மா, நாளைக்கு நீடாமங்கலத்தில் ஒரு வேலை இருக்கிறது. முடித்துவிட்டு அப்படியே வந்து பார்க்கிறேன்.